இருசால் பையும் இரண்டு சாவியும்

பேரையூர் சார்நிலைக் கருவூலத்துக் காப்பறைக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி உதவிக் கருவூல அலுவலரிடம், இன்னொன்று கணக்கரிடம். நான் கணக்கராக இருந்த வருஷங்களில் அந்தச் சாவியைச் சேலை இடுப்பில் செருகியிருப்பேன். உசிலம்பட்டியிலிருந்து நெரிசலான பஸ்ஸில் வர வேண்டும், கைப்பையை நம்ப மாட்டேன். காலை 10 மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். அலுவலர் தன் பூட்டைத் திறப்பார், நான் என்னுடையதைத் திறப்பேன். ஜன்னல் இல்லாத அறை. உள்ளே போனதும் சாக்கு, அரக்கு, பழைய தாள் மூன்றும் கலந்த வாடை அடிக்கும். முத்திரைத்தாள் கட்டுகள், நீதிமன்றக் கட்டண வில்லைகள், மற்ற அலுவலகங்கள் அரக்கு வைத்து ஒப்படைத்த மாற்றுச் சாவி உறைகள், சில நாட்களில் தேர்வு வினாத்தாள் பெட்டிகள். அன்றைக்கு எத்தனை தாள் எடுத்தோம், மீதி எத்தனை என்று பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே வெளியே வருவோம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போக முடியாது. இன்னாரிடம் ஒப்படைத்தேன், இன்னார் பெற்றுக்கொண்டேன் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

1985இல் வேலைக்குச் சேர்ந்து 2022இல் ஓய்வு பெற்றேன். பல ஊர்க் கருவூலங்களில் இருந்துவிட்டுக் கடைசி ஆறு வருஷம் சொந்த ஊர்ப் பக்கமாகவே பேரையூருக்கு வந்தேன். இங்கே வயசானவர்கள் யாரும் கருவூலம் என்று சொல்ல மாட்டார்கள். கஜானா ஆபீஸ் என்பார்கள், எங்கள் அப்பத்தா கசானா என்பார். அவர் வாயில் அந்தச் சொல் வரும்போது ஒரு பயமும் ஒரு பெருமையும் சேர்ந்தே வரும். காரணம், எங்கள் தாத்தா தலையாரி.

எங்கள் ஊர் கரிசல் காடு. பருத்தியும் சோளமும் மானாவாரி. ஜமீன் ஒழிந்து பட்டா கைக்கு வந்த பிறகு தாத்தா தலையாரி வேலை பார்த்தார். அப்போது பேரையூர்ப் பக்கமெல்லாம் திருமங்கலம் தாலுகா. அறுப்பு முடிந்து கையில் காசு புரளும் மாதங்களில் கிஸ்தி வசூல் நடக்கும். மணியகாரர் பணத்தை வாங்குவார், கணக்கப்பிள்ளை ரசீதும் கணக்கும் எழுதுவார். பணத்தைத் தொடுகிறவர் கணக்கை எழுதுவதில்லை, கணக்கை எழுதுகிறவர் பணத்தைத் தொடுவதில்லை. வசூலான பணத்தைத் தாலுகா கஜானாவில் கொண்டுபோய்க் கட்டுவதற்கு இருசால் என்று பெயர். பாரசீக, அரபுச் சொற்கள் நவாபு காலத்தில் நம் வருவாய்த் துறைக்குள் நுழைந்து தங்கிப்போன வகையில் இதுவும் ஒன்று. துணிப்பையில் நாணயமும் நோட்டும், மேலே முடிச்சு, முடிச்சின் மேல் அரக்கு. தாத்தா வேல்கம்போடு முன்னே நடப்பார். பை தோளில் இருக்கும்வரை அவர் வழியில் யார் வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை என்று அப்பத்தா சொல்லுவார். கஜானாவில் ஷராப் எண்ணி முடித்து, செலானில் முத்திரை விழுந்த பிறகே திருமங்கலம் கடைத்தெருவில் ஒரு டீ.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழித்தது. மணியகாரரும் கணக்கப்பிள்ளையும் போய், தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரை ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. பிறப்பால் வந்த பதவி ஊரில் என்னென்ன செய்தது என்று நேரில் பார்த்தவள் நான். ஆனால் பணம் ஒரு கையில், கணக்கு இன்னொரு கையில் என்ற அந்தப் பழைய ஏற்பாட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. காப்பறையின் இரண்டு சாவியும் அதே அறிவின் பிள்ளைகள்.

இதையெல்லாம் எழுத உட்கார வைத்தவள் என் அண்ணன் மகள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறாள். 2024 நவம்பரில் அங்கே ஜனாதிபதி தேர்தல் நடந்தபோது போனில், "அத்தை, இங்க ஒரே சீட்டுல மாநிலப் பொருளாளருக்கும் ஓட்டுப் போடணும். கஜானாவைப் பார்க்கிற ஆளை ஜனங்களே நேராத் தேர்ந்தெடுக்கிறாங்க. நம்ம ஊர்ல ஏன் இல்லை?" என்று கேட்டாள். அந்தப் பொருளாளர் மாநிலத்தின் பணத்தைக் காக்கிறார், முதலீடு செய்கிறார், சட்டப்படி சரியாக இருந்தால்தான் பட்டுவாடாவுக்கு விடுகிறார், உரியவர் கேட்காமல் கிடக்கும் பணத்தைத் தேடிக் கொடுக்கிறார். தணிக்கையரையும் அங்கே மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பொருளாளர் இப்படித்தான் வருகிறார். 37 வருஷம் கஜானாவில் உட்கார்ந்தவளுக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

நம்மிடம் இல்லாமலும் இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஓலைச்சீட்டில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த கதை பள்ளிக்கூடப் பாடத்திலேயே வருகிறது. ஏரி வாரியத்தைச் சொல்லுவார்கள், தோட்ட வாரியத்தைச் சொல்லுவார்கள். பொன் வாரியம் என்று ஒன்று இருந்ததை யாரும் அழுத்திச் சொல்லுவதில்லை. ஊருக்கு வரும் பொன்னின் மாற்றைப் பார்க்கிற வாரியம் அது, ஆறு பேர் கொண்டது. பதவிக் காலம் 360 நாள்.

அந்தக் கல்வெட்டில் என்னைக் கட்டிப்போட்ட இடம் வேறு. ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனுடைய பேரைக் குடத்தில் போடக் கூடாது. அவனுடைய பேர் மட்டுமல்ல, அவன் தகப்பன், பிள்ளை, மாமன், மைத்துனன் என்று உறவு முறை சொல்லி அத்தனை பேரையும் விலக்குகிறது அந்த விதி. கணக்கு எழுதுகிறவருக்கும் தனியாக விதி உண்டு. தன் காலத்துக் கணக்கை அவரே வந்து ஒப்பிக்க வேண்டும், அவருக்குப் பதில் இன்னொருவர் வந்து முடித்துக் கொடுக்கக் கூடாது, கணக்கு சுத்தம் என்று சபை சொன்ன பிறகே அவர் மறுபடி அந்த வேலைக்கு வரலாம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய இந்த வாசகங்களைப் படித்தபோது, எங்கள் துறையின் பொறுப்பு ஒப்படைப்புச் சான்றிதழைப் படிக்கிற மாதிரியே இருந்தது. எங்கள் பாண்டிய நாட்டிலும் திருநெல்வேலிக்குப் பக்கத்து மானூரில் இதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னதாகவே சபையில் யார் உட்காரலாம் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் குடத்தில் நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பேர்தான் விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். என் தாத்தாவின் பேரோ என் பேரோ அதில் விழுந்திருக்காது.

மதுரைப் பக்கத்தில் கஜானாப் பணம் என்றால் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு ஒன்று உண்டு, வாதவூரர் வழக்கு. மேலூருக்கு இந்தப் பக்கம் திருவாதவூரில் பிறந்தவர், பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கிவரச் சொல்லி அரசன் கருவூலத்தைத் திறந்து பொன்னைக் கொடுத்து அனுப்புகிறான். போன இடத்தில், திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு ஆட்பட்டு, குதிரைப் பணத்தைக் கோயில் கட்டுவதில் செலவிட்டுவிடுகிறார். அரசன் கணக்குக் கேட்கிறான். பிறகு நரி பரியாகிறது, பரி நரியாகிறது, வைகை பெருகுகிறது, வந்திக் கிழவிக்காகப் புட்டுக்கு மண் சுமக்க இறைவனே வருகிறான், அவன் முதுகில் விழுந்த பிரம்படி அரசன் முதுகிலும் ஊரார் எல்லார் முதுகிலும் விழுகிறது. வருஷா வருஷம் ஆவணி மூலத்தில் மதுரையில் புட்டுத் திருவிழா நடக்கிறது. ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்குச் சுவாமி எழுந்தருளுவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வருகிறேன். மாணிக்கவாசகர் என்று பேர் பெற்ற அந்த வாதவூரரின் பாட்டைக் கேட்டு அழாத மார்கழி எனக்கு இல்லை.

ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் கதையை வேறு மாதிரியும் கேட்கத் தொடங்கினேன். ஒரு கணக்குத் தலைப்பில் ஒதுக்கிய பணத்தை இன்னொரு தலைப்பில் செலவு செய்யக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வந்த பணத்தில் சாலை போட முடியாது, சாலை எவ்வளவு அவசியமானாலும். கோயில் கட்டியது எவ்வளவு உயர்ந்த காரியமானாலும், குதிரைக்கென்று கொடுத்த பொன் குதிரைக்குத்தான். பாண்டியன் கேட்டது நியாயமான கேள்வி. இதைச் சொன்னதற்காக எங்கள் வீட்டிலேயே என்னைக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்குப் பக்தி குறைந்துவிடவில்லை. அந்தப் பொன் யாருடையது என்ற எண்ணம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பாண்டியன் கருவூலத்தில் இருந்த பொன்னும் யாரோ ஒரு கரிசல்காட்டுக்காரன் விளைச்சலில் இருந்து வந்ததுதானே.

நாயக்கர் காலத்தில் வரவு செலவைப் பார்த்தவருக்குப் பிரதானி என்று பெயர். விசுவநாத நாயக்கரின் தளவாயான அரியநாத முதலியார் பிரதானிப் பொறுப்பையும் வைத்திருந்தார். மதுரைச் சீமையை 72 பாளையமாகப் பிரித்தபோது பேரையூரும் ஒரு பாளையம் ஆனது. வருவாயில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஏற்பாடு. கும்பெனியார் வந்து 1802இல் நிரந்தரத் தீர்வைச் சட்டம் போட்டார்கள். பாளையம் ஜமீன் ஆயிற்று, பாளையக்காரர் பேஷ்குஷ் என்ற கப்பம் கட்டும் ஜமீன்தார் ஆனார். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை இது நீண்டது. இத்தனை நூற்றாண்டிலும் வரி கொடுத்தவனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் கணக்கு மிகச் சுத்தமாக எழுதப்பட்டது, மாவட்டத்தில் கலெக்டர், தாலுகாவில் தாசில்தார் என்று கஜானாவுக்கு ஆள் பொறுப்பு வைத்தார்கள், இரட்டைப் பூட்டும் அவர்கள் விதிப்புத்தகத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் கணக்கு மேலே போனது, கீழே வரவில்லை.

மக்கள் ஓட்டுப் போட்டு வந்த ஒருவர் சென்னை மாகாணத்தின் கஜானாவைக் கையில் எடுத்தது 1937இல். அதற்கு முந்திய இரட்டை ஆட்சிக் காலத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களிடம் கல்வி, சுகாதாரம் மாதிரியான துறைகளைக் கொடுத்துவிட்டு நிதியை மட்டும் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர் கையிலேயே வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் திற, ஆனால் பணத்துக்கு என்னிடம் வந்து நில் என்பது அதன் பொருள். 1937 ஜூலையில் மாகாணப் பிரதமர் பதவி ஏற்ற ராஜாஜி நிதித் துறையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அன்றைக்கும் சொத்து, வரி, படிப்பு என்று தகுதி இருந்தவர்களுக்கே வாக்கு, என்றாலும் வாசல் திறந்துவிட்டது.

அவர் செய்த முதல் பெரிய காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கள்ளு, சாராய வருமானம் மாகாண வரவில் பெரும் பங்கு. அதை வேண்டாம் என்று சொல்லி 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வரவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். எல்லாச் சரக்குக்குமாகப் பொதுவாக விற்பனை வரி போடுவது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை. வியாபாரிகள் கொதித்தார்கள். ஒரு வருமானத்தை விட்டுக்கொடுப்பதும் அதற்கு மாற்று தேடுவதும் ஒரே ஆளின் பொறுப்பாக இருந்ததால்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன். விடுகிறேன் என்று ஒருவர் அறிவித்து, ஈடுகட்டு என்று இன்னொருவரிடம் தள்ளியிருந்தால் நடந்திராது. பிறகு வந்த அரசுகள் மதுவிலக்கைத் தளர்த்தி, 2003இல் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் வசம் கொடுத்த கதை ஊரறிந்தது. விற்பனை வரி மட்டும் நிலைத்தது. கள்ளுக்கடைக்கு ஈடாக வந்த வரி கடைசியில் கள்ளுக்கடைப் பணத்தோடு சேர்ந்தே கஜானாவுக்குள் வந்தது.

அரசியலமைப்புச் சட்டம் வந்த பிறகு எங்கள் ஏற்பாடு இதுதான், அண்ணன் மகளுக்கும் இதைத்தான் எழுதினேன். நிதியமைச்சரை நாம் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு தொகுதி மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்புகிறார்கள், முதலமைச்சர் அவரிடம் துறையைக் கொடுக்கிறார். எங்கள் மதுரை மத்தியத் தொகுதியிலிருந்து பழனிவேல் தியாகராசன் 2021இல் அப்படி வந்தார், 2023இல் பக்கத்து விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழித் தொகுதியின் தங்கம் தென்னரசு அந்த இடத்துக்கு வந்தார். அமைச்சர் ஆண்டு நிதிநிலை அறிக்கையை வைக்கலாம், விளக்கலாம். ஆனால் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க வேண்டுமானாலும் சட்டமன்றம் மானியக் கோரிக்கையை ஏற்று, நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவை நிறைவேற்றி, ஆளுநர் கையெழுத்திட வேண்டும். செலவழித்த பிறகு இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை அதே சட்டமன்றத்தின் மேஜைக்கு வரும், பொதுக் கணக்குக் குழு அதைப் புரட்டும். ஒரு சாவி ஓட்டு வாங்கியவரிடம், இன்னொரு சாவி ஓட்டுக் கேட்கவே வேண்டாத தணிக்கையரிடம்.

அந்தப் பணம் பேரையூர்வரை வருவதை நான் தினமும் பார்த்தேன். ஒரு மலையடிவாரத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் சம்பளப் பட்டியல் கொண்டுவருவார். முன்னெல்லாம் பட்டியலை வாங்கிக்கொண்டு எண் பொறித்த பித்தளை டோக்கன் கொடுப்போம். கணக்குத் தலைப்பு சரியா, ஒதுக்கீடு இருக்கிறதா, பணம் பெற்று வழங்கும் அலுவலரின் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா, கூட்டல் சரியா என்று பார்த்துத்தான் கடக்க விடுவோம். கடந்த பட்டியல்கள் கட்டாகக் கட்டி மாதம் இருமுறை சென்னைக்கு, மாநிலக் கணக்காயருக்குப் போகும். இப்போது எல்லாம் கணினியில், களஞ்சியம் என்ற செயலியில். டோக்கன்கள் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.

மார்ச் 31 இரவைப் பார்க்காதவர்களுக்குக் கருவூலம் எதற்கு என்று புரியாது. நிதியாண்டு நள்ளிரவோடு முடிகிறது, அதற்குள் கடக்காத ஒதுக்கீடு திரும்பிப்போய்விடும். மாலை 5 மணிக்கு மேல்தான் கூட்டமே வரும். வேளாண்மைத் துறைக்காரர், ஊராட்சி ஒன்றியத்துக்காரர், விடுதிக் காப்பாளர் எல்லோரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். டி.கல்லுப்பட்டியிலிருந்து பொட்டலமாகப் பரோட்டா வரும். பதினொன்றரை மணிக்கு ஒரு பட்டியலில் கூட்டல் பிழை இருந்தால் திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பினால் ஒரு விடுதிப் பிள்ளைகளின் கம்பளிப் பணம் போய்விடும். கையில் சிவப்பு மையோடு நான் அந்த நேரத்தில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். தாழ்வாரத்தில் காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டு, மேஜையிலேயே உட்கார வைத்து, திருத்தி எழுத வைத்து, 11.50க்குக் கடக்க விட்டதும் உண்டு.

பேரையூர் தாலுகாவில் இருந்துகொண்டு பொதுப் பணத்தைப் பற்றி எழுதுகிறவர் ஜே.சி. குமரப்பாவைத் தாண்டிப் போக முடியாது. பக்கத்து டி.கல்லுப்பட்டியில் கோ. வேங்கடாசலபதி 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசிக் காலத்தைக் கழித்தவர். 1892இல் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். அங்கே பொது நிதியையும் இந்தியாவின் வறுமையையும் சேர்த்து வைத்து அவர் எழுதிய ஆய்வு கேட்ட கேள்வி எளிமையானது: இந்தியன் கொடுக்கும் வரி எங்கே போகிறது? ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் அதிகாரிகள் சம்பளத்துக்கும் போகிறது, கொடுத்தவனுக்குத் திரும்புவது சொற்பம் என்று எண்களால் காட்டினார். 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அந்த ஆய்வைத் தன் யங் இந்தியா இதழில் தொடராகப் போட்டார், குஜராத்தில் மாதர் தாலுகாவின் 54 கிராமங்களைக் கணக்கெடுக்க அவரை அனுப்பினார். கோட்டும் சூட்டும் போய்க் கதர் வந்தது. கணக்கு மட்டும் போகவில்லை.

1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது, நாடெங்குமிருந்து பணம் குவிந்தது. அந்தப் பணத்துக்குக் கணக்குக் காவலராகக் குமரப்பாவை அனுப்பினார்கள். தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று அணாதான் என்று வரையறுத்தார். காந்தி தன் குழுவினரோடு பாட்னா வந்தபோது, அவர்களுக்கான பால், பழச் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார். வீடிழந்தவர்களுக்காக ஜனங்கள் கொடுத்த பணம் அது, விருந்தினருக்காகக் கொடுத்ததல்ல என்பது அவர் வாதம். காந்தி விசாரித்தார், விளக்கத்தைக் கேட்டார், ஏற்றுக்கொண்டார். தன் ஆட்களின் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ளச் செய்தார். காந்தியிடமே மறுத்தது பெரிய விஷயம்தான். மறுத்தவரை அதற்குப் பிறகும் காந்தி பக்கத்தில் வைத்திருந்தாரே, அதைத்தான் அதைவிடப் பெரியதாக நினைக்கிறேன். அதே வருஷம் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் பொறுப்பைக் குமரப்பாவிடம்தான் கொடுத்தார்.

குமரப்பாவை யாரும் ஓட்டுப் போட்டுப் பொருளாளர் ஆக்கவில்லை. சுதந்திரம் வந்த பிறகு பெரிய நாற்காலி எதிலும் அவர் உட்காரவும் இல்லை. வாதவூரர் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வரும். கொடுத்த காரியத்துக்கு மட்டுமே காசு என்று நின்றவர். 1960 ஜனவரி 30ஆம் தேதி, காந்தி மறைந்த அதே நாளில், இறந்தார். கல்லுப்பட்டி வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஆசிரமத்தின் பக்கம் தலை தானாகத் திரும்பும்.

பொருளாளர் என்ற சொல் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிய ஒரு நேரமும் உண்டு. 1972 அக்டோபரில் தி.மு.க.வின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர்., கட்சிக்காரர்கள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று திருக்கழுக்குன்றத்துக் கூட்டத்தில் பேசினார். 10ஆம் தேதி இடைநீக்கம், 17ஆம் தேதி புதுக் கட்சி. அதன் நியாய அநியாயத்தை இரண்டு பக்கமும் இன்றுவரை பேசுகிறார்கள். எனக்கு அப்போது பத்து வயசு. எங்கள் ஊர் டீக்கடையில் "கணக்குக் கேட்டாரப்பா" என்ற ஒரு சொல்லை வைத்தே ஊர் இரண்டாகப் பிரிந்தது நினைவிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி மாநில நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வந்து, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று சொன்னபோதும் அதே டீக்கடையில் பேச்சு. "நான் யாருகிட்டயும் வாங்கலையே தாயி" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். அவர் கேட்டது சரியான கேள்வி, இன்னும் பல பேர் கேட்க வேண்டியது.

விதியைப் பற்றி இவ்வளவு உயர்வாகப் பேசுகிறவள் இதையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு ஊரில் நான் வேலை பார்த்தபோது ஒரு குடும்ப ஓய்வூதியப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. இறந்தவர் அலுவலகக் காவலர். மனைவியின் பெயரில் ஓர் எழுத்து ஓய்வூதிய ஆணையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி. நான் ஆட்சேபணை எழுதித் திருப்பினேன். விதிப்படி சரி. காகிதம் சென்னை போய்த் திருத்தி வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த அம்மா மாதா மாதம் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று, "வந்துருச்சா தாயி" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு நாளும் கோபப்படவில்லை. ஒரு முறை நானே அந்தக் கடிதத்தோடு மாவட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தால் இரண்டே மாதத்தில் முடிந்திருக்கும், போகவில்லை. அதன் பிறகு ஓய்வூதியர் நேர்காணல் காலங்களில், கைத்தடியோடு வரிசையில் நிற்கும் முதியவர்களின் காகிதத்தில் பிழை இருந்தால், இன்ன அலுவலகத்துக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பாமல் கடிதத்தை நானே எழுதிக் கொடுக்கப் பழகினேன்.

ஓய்வுக்குப் பிறகு ஊரோடு இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேரை ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுக்கும். உண்டியல் பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவியும் இரண்டு தெருக்காரர்களிடம். எந்தக் கருவூல விதிப்புத்தகத்தையும் பார்த்துச் செய்ததல்ல, தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். திருவிழா முடிந்த எட்டாம் நாள் இரவு மந்தையில் கணக்கு வாசிப்பார்கள். ஒரு காலத்தில் என் அப்பா வாசித்திருக்கிறார், அரிக்கேன் வெளிச்சத்தில், நீள நோட்டில்.

இந்த வருஷம் வாசித்தவர் என்ஜினீயரிங் படித்த ஓர் இளைஞர். கொட்டுக்காரருக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, கரகம் எடுத்தவருக்கு வேட்டி, ரேடியோ செட்டுக்கு முன்பணம் போக மீதி என்று வரிசையாகப் போனது. வேப்ப மரத்தடியில் பெண்கள் பக்கமிருந்து ஒரு பாட்டி கையைத் தூக்கினார். எங்கள் ஊரில் கணவனை இழந்தவர்களுக்கு அரை வரி. அவர் கட்டியது அந்த அரை வரிதான்.

"பந்தல்காரனுக்கு ரெண்டு தடவ சொன்னியே, ரெண்டு பந்தலா போட்டோம்?"

பேச்சு அடங்கியது. அந்தப் பையன் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து ரசீதுக் கட்டை எடுத்து, நாக்கைத் தொட்டு ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினான். ஊர் முழுக்க உட்கார்ந்து காத்திருந்தது.